டைட்டானியா (டைட்டானியம் டையாக்சைடு) பூச்சு: நைட்ரிக் ஆக்சைடு குறையுது, நைட்ரஜன் டையாக்சைடு ஏறுதே?

கஞ்சிக்கோடு லேப்:
வாகனப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளிச்சத்தின் உதவியால் குறைக்க, வாளையார் பக்கம் என்எச் 544 ஓரத்து மதிலுக்கு டைட்டானியம் டையாக்சைடு பூச்சு அடிக்கும் முன் சோதனை செய்கிறோம். கண்ணாடித் தகட்டில் பி25 என்ற டைட்டானியாப் பொடி, அளவு 5 × 10 செ.மீ. நைட்ரிக் ஆக்சைடு 1000 பிபிபி (நூறு கோடியில் 1000 பங்கு), காற்று நிமிடத்துக்கு 3 லிட்டர், ஈரப்பதம் 50%, 365 நானோமீட்டர் எல்இடி, சதுர மீட்டருக்கு 10 வாட். 3 மணி நேரம் கழித்து வெளியே வருவது: நைட்ரிக் ஆக்சைடு 650, நைட்ரஜன் டையாக்சைடு (இனி வெறும் டையாக்சைடு) 220 பிபிபி. "35% குறைந்தது" என்று எழுதலாமா? இன்னொரு குழப்பம்: நைட்ரிக் ஆக்சைடை நிறுத்திச் சுத்தக் காற்று மட்டும் விட்டாலும், லைட் எரியும் வரை டையாக்சைடு 8-10 பிபிபி காட்டுகிறது. அனலைசர் மாலிப்டினம் கன்வெர்ட்டர் (டையாக்சைடை நைட்ரிக் ஆக்சைடாக மாற்றும் பாகம்) உள்ள கெமிலூமினசன்ஸ் வகை, அதாவது வினையில் வரும் ஒளியை வைத்து அளப்பது. கசிவு பார்த்தாயிற்று, இல்லை.

ஒளிவினை:
35% என்று தயவுசெய்து எழுதாதீங்க. போனது 350, அதில் 220 டையாக்சைடாகத் திரும்பி வந்துவிட்டது. காற்றிலிருந்து உண்மையில் கழிந்தது 130, அதாவது 13% தான். டையாக்சைடு நைட்ரிக் ஆக்சைடைவிட மோசமான நஞ்சு. அதற்கு மூன்று மடங்கு எடை போட்டுக் கணக்குப் பார்த்தால், போனதில் மூன்றில் இரண்டு பங்காவது பூச்சிலேயே தங்கும் நைட்ரேட்டாக மாறினால்தான் பூச்சால் லாபம். உங்களுக்கு மாறுவது 37%. இந்தத் தகடு காற்றைக் கெடுக்கிறது.

சுத்தக் காற்றில் தெரியும் அந்த 8-10 பிபிபி, பூச்சின் மேல் படிந்த நைட்ரேட்டிலிருந்து வருவது. ஒளி பட்டதும் டைட்டானியாவில் உண்டாகும் துளை (எலக்ட்ரான் விலகிய காலியிடம்), நைட்ரேட்டிலிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்கும். அதில் பிறக்கும் நைட்ரேட் ராடிக்கல் (எளிதில் வினைபுரியும் துண்டு) உடைந்து டையாக்சைடு மேலே வரும். கூடவே நைட்ரஸ் அமிலமும் வரும். மாலிப்டினம் கன்வெர்ட்டர் அதையும் டையாக்சைடு என்றே எண்ணும். அதனால் அனலைசருக்கு முன்னால் சோடியம் கார்பனேட் பூசிய டினூடர் (அமில வாயுவைச் சுவரில் பிடித்துக்கொள்ளும் குழாய்) இரண்டை வரிசையாக வைத்து, வைத்தும் வைக்காமலும் ரீடிங் எடுங்க. வித்தியாசத்தில் பெரும்பங்கு நைட்ரஸ் அமிலம். இது சாதாரண விஷயம் இல்லை. வெயிலில் அது உடைந்து ஹைட்ராக்சில் ராடிக்கலைத் தரும், ஓசோன் உண்டாகவும் வழிவிடும்.

சித்தூர்க்காரர்:
மேலே சொன்னது சரி. ஆனால் நைட்ரேட்டைக் கழுவி எடுத்து அளக்காமல் எந்த எண்ணையும் நம்பக்கூடாது. 1 பிபிஎம் (1000 பிபிபி), 3 லிட்டர் என்றால் நிமிடத்துக்கு 0.134 மைக்ரோமோல் உள்ளே போகிறது, 3 மணி நேரத்தில் 24. 13% கழிந்தது முழுக்க நைட்ரேட் என்றால் சுமார் 3.1 மைக்ரோமோல். 50 மி.லி. தண்ணீரில் ஊறவைத்தால் லிட்டருக்கு 4 மி.கி. அளவில் வரணும். ஆரம்பத்தில் வினை வேகமாக இருப்பதால் கொஞ்சம் கூடவே வரும். ரொம்பக் குறைந்தால் அனலைசர் கணக்கில் பிழை, இல்லையென்றால் குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும். டெஃப்லான் குழாய்தானே போட்டிருக்கீங்க? ரப்பர் என்றால் உடனே மாத்துங்க. மேல்மூடி அக்ரிலிக் ஷீட் என்றாலும் மாத்தணும், சந்தையில் கிடைக்கும் பல ஷீட்கள் 365-ஐ விழுங்கிவிடும்.

கஞ்சிக்கோடு லேப்:
குழாய் டெஃப்லான், மூடி போரோசிலிகேட். மதிலுக்கு நீற்றுச் சுண்ணாம்பு அடிப்படையில் பூசலாமா?

ஒளிவினை:
கண்ணாடியைவிட அதுதான் நல்லது. காரத்தில் நைட்ரஸ், நைட்ரிக் அமிலங்கள் இரண்டும் கால்சியம் உப்பாகத் தங்கும், டையாக்சைடு வெளியேறுவது குறையும். டைட்டானியாவை முதலில் தனியாகத் தண்ணீரில் நன்றாகக் கலக்கிக்கொண்டு, கடைசியில் சுண்ணாம்பில் ஊத்துங்க. கால்சியம் பட்டதும் திரளத்தான் செய்யும், ஆனால் உலர்பொடியாகப் போட்டால் கட்டி கட்டியாக நிற்கும். பெயின்ட் கடை வெள்ளைப் பொடி வேண்டாம். அது ரூட்டைல் என்ற வினை குறைந்த வகை, மேலே அலுமினாவோ சிலிகாவோ பூசி வினையை அடக்கி வைத்திருப்பார்கள். ஒட்டுவதற்கு வெள்ளைப் பசை சேர்க்கும் பழக்கம் நம்ம ஊர்ப் பக்கம் உண்டு, அதையும் விடுங்க. வெயிலில் டைட்டானியா பசையையே தின்றுவிடும். விரலால் தேய்த்தால் மாவு மாதிரி கையோடு வரும், ஆல்டிஹைடும் கிளம்பும்.

சித்தூர்க்காரர்:
கால்சியம் நைட்ரேட் தண்ணீரில் எளிதாகக் கரையும், தென்மேற்குப் பருவ மழையிலும் ஐப்பசி மழையிலும் தானே கழுவிப் போகும். மார்கழி முதல் மாசி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காய்ந்த கிழக்குக் காற்றும் தூசியும்தான். அப்போது லாரிப் புகைக்கரியும் சேர்ந்து பூச்சை மூடிவிடும். பிரஸ்ஸல்ஸ் லியோபோல்ட் 2 சுரங்கத்தில் நடந்த சோதனையில் நைட்ரஜன் ஆக்சைடு குறைந்தது 2 சதவீதத்துக்குள்தான். அங்கே புற ஊதா ஒளி குறைவு, அழுக்கும் வினையைக் கெடுத்தது. இங்கே வெயிலுக்குக் குறையில்லை, ஆனால் அந்த மூன்று மாதமும் குழாய் வைத்துக் கழுவ ஆள் போடணும். கழுவிய தண்ணீரை மட்டும் கிணற்றுப் பக்கம் விடாதீங்க, நைட்ரேட் அதில்தான் இருக்கு.