மால்ட்டாவில் ஒரு பகல்: வல்லெட்டாவோடு நிறுத்திக்கொள்ளலாமா, தீவைச் சுற்றலாமா?

வைகைக்கரை:

வணக்கம். வரும் அக்டோபரில் நானும் என் கணவரும் அத்தையும் மேற்கு மத்தியதரைக்கடல் கப்பல் பயணம் ஒன்றில் செல்கிறோம். சிசிலியிலிருந்து புறப்படும் கப்பல் மறுநாள் வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு மால்ட்டாவின் தலைநகரான வல்லெட்டாவை அடைந்து, மாலை ஐந்தரைக்குக் கிளம்பும் என்று பயண நிரலில் உள்ளது. கப்பலிலேயே ஏற்பாடு செய்துதரும் பேருந்துச் சுற்றுலாவில் வல்லெட்டா, பழைய தலைநகரான மதினா, மார்சஷ்லொக் மீனவர் ஊர் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் காட்டுகிறார்கள். மூவருக்கும் சேர்த்துப் பார்த்தால் அதன் கட்டணம் எங்களுக்குச் சற்று அதிகம்.

அத்தைக்கு முழங்கால் வலி உண்டு. சமதரையில் மெதுவாக நடப்பார். படிகள் ஏறுவது கடினம். சைவ உணவுதான் உண்பார். கணவருக்கு வரலாற்றில் ஈடுபாடு, எனக்கு ஓவியத்தில். பேருந்துச் சுற்றுலாவை விட்டுவிட்டு நாங்களாகவே இறங்கிச் சுற்றினால் மூவருக்கும் நிறைவாக இருக்குமா? இருக்கும் என்றால் எதைப் பார்ப்பது, எதை விடுவது? பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

நெய்தல்நிலத்தவள்:

தாராளமாக நீங்களாகவே சுற்றலாம். மத்தியதரைக்கடலில் பல தீவுகளில் கப்பல் நடுக்கடலில் நங்கூரமிட, சிறு படகில் கரைக்குப் போக வேண்டியிருக்கும். வல்லெட்டாவிலோ கப்பல் நகரின் அடிவாரத்திலேயே வந்து கட்டும். எனவே பகல் பொழுதில் பெரும்பகுதியைப் பேருந்து இருக்கையில் கழிப்பது இந்த ஊருக்குச் செய்யும் அநியாயம் என்பேன்.

உங்கள் நாள் எட்டு மணிக்குத் தொடங்குவதாக எண்ணாதீர்கள். கப்பல் துறைமுகத்துக்குள் நுழைவதற்கு முன்பே, ஏறக்குறைய ஏழு மணிக்கு, மேல்தளத்துக்கு வந்துவிடுங்கள். 1565ஆம் ஆண்டு ஒட்டோமான் படை இத்தீவை முற்றுகையிட்டபோது ஏறக்குறைய ஒரு மாதம் தாக்குப்பிடித்து ஜூன் 23 அன்று வீழ்ந்த செயின்ட் எல்மோ கோட்டை வலப்பக்க முனையில் முதலில் தெரியும். இடப்பக்கம் ரிக்கசோலி கோட்டையும், அதைக் கடந்ததும் அந்த முற்றுகையில் கடைசிவரை நின்ற செயின்ட் ஆஞ்சலோ கோட்டையும் வரும். செப்டம்பரில் முற்றுகை முறிந்தது. அடுத்த ஆண்டே, 1566 மார்ச்சில், எதிரே வெறும் பாறை மேடாகக் கிடந்த நிலத்தில் புதிய நகருக்கு அடிக்கல் நாட்டினார்கள். அப்போது தீவை ஆண்ட புனித யோவான் வீரர் சபை என்ற கிறித்தவத் துறவு வீரர் அமைப்பின் தலைவர் ழான் தெ லா வலெத்தின் பெயரே அந்நகருக்கு வந்தது. உங்கள் கணவர் இந்த வரலாறு முழுவதையும் கப்பலின் கைப்பிடிக் கம்பியருகில் நின்றபடியே பார்த்துவிடலாம். காலை வெயில் அந்தச் சுண்ணாம்புக்கல் மதில்களில் படும்போது நகரம் முழுவதும் தேன் நிறமாகத் தெரியும்.

அத்தைக்காக நீங்கள் கவலைப்படத் தேவையில்லை. துறையிலிருந்து கடலோரமாகச் சமதரையில் கால் மணி நேரம் மெதுவாக நடந்தால் பராக்கா லிஃப்ட் வரும். 2012இல் திறக்கப்பட்ட இந்த லிஃப்ட் 58 மீட்டர் உயரத்தை அரை நிமிடத்துக்குள் ஏறி, மேல் பராக்கா தோட்டத்தில் உங்களை இறக்கிவிடும். அந்த நடையும் சிரமம் என்றால் துறையிலேயே டாக்சி கிடைக்கும். தோட்டத்தின் வளைவுகளுக்குக் கீழே பீரங்கி மேடை ஒன்று இருக்கிறது. பகல் பன்னிரண்டு மணிக்கும் மாலை நான்குக்கும் அங்கே சீருடை அணிந்தவர்கள் பீரங்கி முழக்குவார்கள். துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் தங்கள் கடிகாரங்களைச் சரிபார்த்துக்கொள்ள ஏற்பட்ட வழக்கம் அது. மேலேயுள்ள தோட்டத்திலிருந்து கட்டணமின்றிப் பார்க்கலாம், அத்தை உட்கார நிழலில் இருக்கைகளும் உண்டு. ஆனால் பன்னிரண்டுக்குச் சற்று முன்னதாகவே போய் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் கூட்டம் நெருக்கும்.

ஓவியத்தில் ஈடுபாடு என்கிறீர்கள். அப்படியானால் தோட்டத்தில் நேரத்தைச் செலவிடாமல், முதல் வேலையாக செயின்ட் ஜான் இணைப் பேராலயத்துக்குப் போய்விடுங்கள். பீரங்கிக்குத் திரும்பி வரலாம். ஜிரோலாமோ கசார் கட்டி 1577இல் முடித்த அந்த ஆலயத்தின் வெளிச்சுவர் கோட்டைச் சுவரைப் போல மொட்டையாக இருக்கும். உள்ளே போனால் கால் வைக்கத் தயங்குவீர்கள். தரை முழுவதும் வீரர்களின் கல்லறைப் பலகைகள். வண்ணப் பளிங்குத் துண்டுகளைப் பொருத்தி எலும்புக்கூடுகளும் மணல் கடிகாரங்களும் குலச் சின்னங்களுமாக இழைத்திருக்கிறார்கள். மேலே கூரை வளைவு முழுவதையும் மத்தியா ப்ரெத்தி 1660களில் கல்லின் மீதே எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். ஓரங்களில் அமர்ந்திருக்கும் உருவங்களின் நிழல் சட்டத்தைத் தாண்டி விழுவதாக வரைந்திருப்பதால் அவை சிலைகளோ என்று கண் மயங்கும்.

ஆயினும் நீங்கள் நெடுநேரம் நிற்க வேண்டிய இடம் பக்கத்திலுள்ள ஜெபமண்டபம். இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோ 1608இல் வரைந்த 'புனித யோவானின் தலை துண்டிக்கப்படுதல்' அங்கேதான் இருக்கிறது. ஐந்து மீட்டருக்கும் அதிகமான அகலம் கொண்ட அந்தத் திரையில் மனிதர்கள் எல்லாரும் இடப்பக்கம் நெருங்கி நிற்க, வலப்பக்கம் சிறைச் சுவர் வெறுமையாகக் கிடக்கும். கம்பிச் சாளரத்தின் வழியே இரண்டு கைதிகள் மட்டும் எட்டிப் பார்ப்பார்கள். யோவானின் கழுத்திலிருந்து வழியும் குருதியிலேயே ஓவியர் தம் பெயரை எழுதியிருக்கிறார். அவர் கையொப்பமிட்டதாக அறியப்பட்ட ஒரே ஓவியம் அது. அதே ஆண்டு டிசம்பரில், இந்த ஓவியம் தொங்கிய அதே மண்டபத்தில் கூடித்தான் சபையார் அவரை வீரர் பட்டத்திலிருந்து நீக்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பார்வையாளர்களை அனுமதிப்பதில்லை. உங்களுக்கு வெள்ளியாக அமைந்தது நல்லதாயிற்று. தோளும் முழங்காலும் மறையும் உடை தேவை. பளிங்குத் தரையைக் காக்க வேண்டி, ஊசிக் குதிகால் செருப்புகளை அனுமதிக்க மாட்டார்கள்.

கல்லும்காலமும்:

மேலே சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் வரலாற்றில் ஈடுபாடுள்ளவரை மால்ட்டாவுக்கு வரவழைத்து 1565ஐ மட்டும் காட்டி அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை. இத்தீவின் ஹஜார் இம் கோயில் கி.மு. 3600க்கும் 3200க்கும் இடைப்பட்ட காலத்தது. கீசாவின் பெரிய பிரமிடை விட அரை ஆயிரத்தாண்டுக்கும் மேல் மூத்தது. உலோகக் கருவி அறியாதவர்கள் நிறுத்திய கற்கள் அவை. இப்போது வெயிலும் மழையும் அரிக்காதபடி மேலே கூடாரம் அமைத்திருக்கிறார்கள். தீவே சிறியது என்பதால், துறையிலிருந்து டாக்சி வைத்துக்கொண்டால் முற்பகலுக்குள் போய்த் திரும்பிவிடலாம். அங்கிருந்து சரிவில் இறங்கிப் போக வேண்டிய முனாஜ்ட்ரா கோயிலுக்கு மட்டும் அத்தையை அழைத்துச் செல்ல வேண்டாம்.

அதற்கு நேரமில்லை என்று முடிவு செய்தாலும், வல்லெட்டாவின் ரிபப்ளிக் தெருவிலுள்ள தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தையாவது விட்டுவிடாதீர்கள். ஹால் சஃப்லியெனி நிலத்தடிக் கல்லறையில் கிடைத்த 'உறங்கும் பெண்' சிற்பம் அங்கே தனியறையில் இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் சுடுமண் உருவம்தான். ஒரு கையைத் தலைக்குக் கீழே வைத்து ஒருக்களித்துப் படுத்திருப்பாள். அவள் எடையில் கட்டில் தொய்ந்திருப்பதைக்கூட அந்தக் கைவினைஞர் காட்டியிருக்கிறார். அந்த நிலத்தடிக் கல்லறைக்குள்ளேயே போக விரும்பினால் ஒரு வேளைக்குப் பத்துப் பேரை மட்டுமே விடுவதால், பல வாரங்களுக்கு முன்பே பதிவு செய்தாக வேண்டும்.

கோசோ தீவிலுள்ள கடல் வளைவான 'நீலச் சாளரத்தை'ப் பார்க்க யாராவது பரிந்துரைத்தால் கேட்காதீர்கள். அது 2017 மார்ச்சில் புயலில் இடிந்து கடலில் விழுந்துவிட்டது. பழைய படங்கள்தான் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

வைகைக்கரை:

இருவருக்கும் மிக்க நன்றி. பேருந்துச் சுற்றுலா வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். பேராலயம், பீரங்கி, அருங்காட்சியகம் என்று வைத்துக்கொள்கிறோம். கோயிலைத் தவறவிடக் கணவருக்கு மனமில்லை என்றாலும் அத்தையை அலைக்கழிக்க வேண்டாம் என்கிறார். மதிய உணவுக்கும் பிற்பகலுக்கும் மட்டும் யாராவது வழி சொல்லுங்கள்.

மூன்றுநகரத்தார்:

உணவுக்குப் பெரிய உணவகம் தேட வேண்டாம். பஸ்திஸி என்ற அடுக்கடுக்கான மொறுமொறு பண்டம் தெருவெங்கும் சுடச்சுடக் கிடைக்கும். உள்ளே ரிக்கோட்டா பாலாடைக்கட்டியோ மசித்த பட்டாணியோ இருக்கும். சில கடைகளில் மாவைப் பன்றிக் கொழுப்பு சேர்த்துப் பிசைவதுண்டு என்பதால் அத்தைக்காகக் கேட்டே வாங்குங்கள். பேரீச்சம்பழ விழுதை உள்ளே வைத்துச் சோம்பு மணக்கப் பொரித்த இம்காரெத்தும் அவருக்குப் பிடிக்கும். அதைப் பொரிக்கும் எண்ணெயையும் ஒரு வார்த்தை விசாரித்துவிடுங்கள்.

ரிபப்ளிக் தெருவில் நகர வாயிலிலிருந்து வீரர் சபைப் பெருந்தலைவரின் அரண்மனைவரை ஏறக்குறைய சமமாக இருக்கும். அதற்கு அப்பால் செயின்ட் எல்மோ நோக்கிச் சரிந்துகொண்டே போகும், திரும்பி ஏறுவது அத்தைக்கு ஆகாது. குறுக்குத் தெருக்கள் பலவும் படிக்கட்டுகள்தாம். அரண்மனையோடு திரும்பிவிடுங்கள்.

பிற்பகலில் பராக்கா லிஃப்டில் கீழே இறங்கினால் எதிரிலேயே, துறைமுகத்தின் அக்கரையிலுள்ள 'மூன்று நகரங்கள்' என்ற பகுதிக்குப் போகும் படகுத்துறை இருக்கிறது. சில நிமிடங்களில் அக்கரைக்குப் போய்விடலாம். பிர்கு என்னும் பழைய நகரின் நீரோரம் சமமான நடைபாதை. அதன் முனையில்தான் செயின்ட் ஆஞ்சலோ கோட்டை. பட்டம் பறிபோகும் முன் கரவாஜ்ஜோ அங்கேதான் சிறைவைக்கப்பட்டிருந்தார். அக்டோபரில் தப்பிச் சிசிலிக்குப் போனார். நீங்கள் வரும் வழியே அவர் போன வழி.

உங்கள் கணவரிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், குண்டுவீச்சும் பட்டினியுமாக இத்தீவு சரணடையும் நிலையில் இருந்தபோது, உணவும் எரிபொருளும் ஏற்றிப் புறப்பட்ட 14 சரக்குக் கப்பல்களில் 5 மட்டுமே வந்து சேர்ந்தன. அவற்றுள் கடைசியாக ஆகஸ்ட் 15 அன்று, மேல்தளம் நீர்மட்டத்தைத் தொடும் அளவுக்கு மூழ்கி, இருபுறமும் போர்க்கப்பல்கள் அணைத்துப் பிடிக்க வந்தது ஒஹாயோ என்ற எண்ணெய்க் கப்பல். மக்கள் திரண்டு அழுதுகொண்டே வரவேற்றது நீங்கள் படகில் கடக்கும் இதே துறைமுகத்தில்தான். அன்று மரியன்னையின் திருநாள்; இன்றும் அந்தத் திருநாளோடு அந்தக் கப்பலையும் சேர்த்தே நினைக்கிறார்கள்.

கப்பல் ஐந்தரைக்குக் கிளம்பும் என்றால் பெரும்பாலும் ஐந்து மணிக்கே அனைவரும் ஏறிவிட வேண்டும் என்பார்கள். நுழைவு அட்டையிலோ அன்றாட அறிவிப்பிலோ அந்த நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு மணிக்குள் அக்கரையிலிருந்து படகேறிவிட்டால், படகுத்துறையிலிருந்து கப்பல்வரையுள்ள நடையை அத்தையின் வேகத்திலேயே நடந்து சேரலாம்.