யூகே வீட்டு லாஃப்ட்ல சாமான் ஏத்துறதுக்கு முன்னாடி இதப் பாத்துக்கோங்க

யூகேக்கு புதுசா வந்து வீடு வாங்கினவங்க, வாடகைக்கு எடுத்தவங்க எல்லாருக்கும் சேத்துதான் எழுதுறேன். இங்க வீடு சின்னது, ஸ்டோர் ரூம்னு தனியா ஒண்ணும் இருக்காது, அதனால காலி சூட்கேஸ், கொலு பொம்மை, பசங்க சின்னதுல படுத்த தொட்டில்னு எல்லாமே லாஃப்ட்டுக்கு, அதாவது கூரைக்கும் மேல் ரூம் சீலிங்குக்கும் நடுவுல இருக்கிற இடத்துக்குத்தான் போகும். தாராளமா வைக்கலாம். ஆனா நம்ம ஊர்ல லாஃப்ட்னா சமையல்ரூம் மேல இருக்கிற காங்கிரீட் ஸ்லாப், அண்டா குண்டா எல்லாத்தையும் அடுக்கினாலும் தாங்கும். இங்க லாஃப்ட்டுக்கு ஏறுற சின்னக் கதவ, அதாவது ஹேட்ச்சத் தொறந்தா தெரியிறது தரையே கிடையாது, அது கீழ் ரூமோட சீலிங்.

மேல ஏறாம ஏணியில நின்னுக்கிட்டே முதல்ல டார்ச் அடிச்சுப் பாருங்க. வரிசையா மரச்சட்டம் போகும், அதுதான் ஜாயிஸ்ட். நடுவுல சூடு வெளிய போகாம தடுக்கிற கம்பளி மாதிரி இன்சுலேஷன், அதுக்கு அடியில சீலிங்குக்கு அடிக்கிற வெறும் ஜிப்சம் அட்டை, பிளாஸ்டர்போர்டு, அரை இஞ்ச் கனம்தான் இருக்கும். தெரியாம அதுல கால வச்சீங்கன்னா சீலிங்க ஒடச்சுக்கிட்டு கால் பெட்ரூமுக்குள்ள இறங்கிடும், ஆளே விழுந்து அடிபடுறதும் உண்டு. இன்சுலேஷன் ஜாயிஸ்ட்டையும் சேத்து மூடியிருந்தா எங்க கால் வைக்கிறதுன்னே தெரியாது. ஜாயிஸ்ட் மேல நடக்கிறதுக்குப் பலகை, அதாவது போர்டு போடாத லாஃப்ட்ல சாமானோட ஏறவே ஏறாதீங்க.

போர்டு போட்டாச்சுன்னா எவ்வளவு வேணா ஏத்தலாம்னும் நினைக்காதீங்க. 1960கள்ல இருந்து கட்டின வீடுகள்ல நிறைய டிரஸ் ரூஃப்தான், சின்னச் சின்ன மரச்சட்டம் டபிள்யூ வடிவத்துல நிக்கும். அந்த மாதிரி லாஃப்ட்ட பொதுவா சதுர மீட்டருக்கு 25 கிலோங்கிற கணக்குலதான் டிசைன் பண்றாங்க, போர்டோட எடையும் அதுக்குள்ளயே வந்துடும். நமக்கெல்லாம் பழகின கணக்குல சொன்னா ஃப்ளைட்ல விடுற 23 கிலோ பெட்டி ஒண்ணு வச்சாலே, போர்டோட எடையும் சேந்து ஒரு சதுர மீட்டருக்கு எல்லை தாண்டிடும். புத்தகப் பெட்டி, வெட் கிரைண்டர், பித்தளைப் பாத்திரம், அரிசி மூட்டையெல்லாம் கீழயே இருக்கட்டும், காலி பெட்டி, பொம்மை, கிறிஸ்மஸ் மரம் மாதிரி லேசானது மேல போகட்டும், அதையும் ஒரே இடத்துல குவிக்காம பரப்பி வைங்க. இடம் பத்தலன்னு அந்த டபிள்யூ சட்டத்துல ஒண்ண அறுக்கிற வேலை மட்டும் வேணவே வேணாம், கூரையையே அதுதான் தாங்குது.

அடுத்தது இன்சுலேஷனும் ஈரமும், நம்ம ஆளுங்க இதத்தான் கண்டுக்கிறதே இல்ல. இப்ப சிபாரிசு பண்ற இன்சுலேஷன் 270 மில்லிமீட்டர், ஆனா நிறைய வீட்ல ஜாயிஸ்ட் உயரமே 100தான் வரும், அதுமேல நேரா போர்ட வச்சு அமுக்கினா இன்சுலேஷன் நசுங்கி சூடு நிக்காது, ஹீட்டிங் பில் ஏறும். ஜாயிஸ்ட் மேல லாஃப்ட் லெக்ஸ்னு கால் மாதிரி மாட்டி அதுமேல போர்டு போடுறதுதான் சரி. கூரை இறங்குற ஓரத்துல, ஈவ்ஸ் கிட்ட, காத்து வர இடைவெளி விட்டிருப்பாங்க, அத பெட்டியால அடைக்காதீங்க. நம்ம வீட்ல இட்லி ஆவி, சாம்பார் கொதிக்கிறது, குளிர்ல உள்ளயே துணி காயப்போடுறதுன்னு ஈரம் அதிகம், அது ஹேட்ச் இடுக்கு வழியா மேல போய் குளிர்ந்த கூரையில பட்டு தண்ணியா மாறி சாமான் மேல சொட்டும். ஜனவரியில மேல போய்ப் பாத்தா கூரை ஓட்டுக்கு அடியில விரிச்ச ஃபெல்ட் ஷீட்டோட அடிப்பக்கம் ஆணி முனையில எல்லாம் துளித் துளியா நிக்கும். ஹேட்ச் சுத்தி டிராஃப்ட் ஸ்ட்ரிப்னு இடுக்கு அடைக்கிற பட்டைய ஒட்டுங்க, சமைக்கும்போது எக்ஸ்ட்ராக்டர் ஃபேன் போடுங்க. பட்டுப்புடவை, கல்யாண ஆல்பம், டிகிரி சர்டிஃபிகேட்னு திரும்பக் கிடைக்காத எதையும் லாஃப்ட்ல வைக்காதீங்க, குளிர்காலத்துல ஐஸா இருக்கும், வெயில் காலத்துல அடுப்பா கொதிக்கும், ஜரிகை கறுத்துப் போயிடும். மண் பொம்மைய மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பால வைங்க, ஆனா நல்லா காய்ஞ்ச பிறகு வைங்க. சாப்பாட்டுச் சாமான் எதுவும் வேணாம், எலி வரும்.

தீ விஷயம் ரொம்ப முக்கியம். கீழ் ரூம் சீலிங்ல குழிச்சு வச்ச விளக்கு, டவுன்லைட் இருந்தா அதோட பின்பக்கம் லாஃப்ட்லதான் இருக்கும், அதுமேல இன்சுலேஷனோ பெட்டியோ வந்தா சூடு வெளிய போகாது, எலக்ட்ரீஷியன கூப்பிட்டு பாத்துக்கோங்க. எலக்ட்ரிக் ஷவருக்குப் போற தடியான கேபிளும் அதே மாதிரிதான். ஈ-பைக் பேட்டரி, கேம்பிங் கேஸ், பெயிண்ட், தின்னர் எதையும் மேல ஏத்தாதீங்க.

2000க்கு முன்னாடி கட்டின வீடுன்னா, தூசி மூச்சுல போனா நுரையீரல கெடுக்கிற ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு, 1999லதான் முழுசா தடை பண்ணாங்க. பழைய தண்ணித் தொட்டி, பைப் மேல சுத்தின பழைய பூச்சு, மின்னுற சின்னக் கல்லு மாதிரி கொட்டி வச்ச இன்சுலேஷன் இதெல்லாம் இருந்தா கையே வைக்காதீங்க, கூட்டவும் கூடாது, டெஸ்ட் பண்ற ஆளக் கூப்பிடுங்க. வவ்வால் இருந்தா விரட்டுறது சட்டப்படி குத்தம்.

வாடகை வீடுன்னா முதல்ல அக்ரிமென்ட்ட படிங்க, லாஃப்ட் உங்களுக்குக் கிடையாதுன்னு நிறைய பேர் போட்டிருப்பாங்க, அனுமதிய ஈமெயில்ல வாங்கி வைங்க. டாப் ஃப்ளோர் ஃபிளாட் சொந்தமா வாங்கினவங்களும் லீஸ பாருங்க, மேல இருக்கிற இடம் கட்டிடத்துக்கும் நிலத்துக்கும் சொந்தக்காரரான ஃப்ரீஹோல்டரோடதா இருக்கலாம்.

ஏறும்போது வீட்ல இன்னொருத்தர் இருக்கட்டும், ஏணிய அவங்க புடிச்சுக்கட்டும், பெட்டிய நீங்களே சுமந்துக்கிட்டு ஏறாம கீழ இருந்து எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க.