பாசிக் காயில இருந்து வித்தி கொட்டுதில்லை, உதவி தேவை

மாரிப்பூ:
யாழ்ப்பாணம் கோண்டாவில், உயர்தர உயிரியல் படிக்கிறன். மார்கழி மழையோட எங்கட கிணத்துக்கட்டில பாசி (moss) மெத்தை மாதிரி வளந்திட்டுது. தை பிறக்க, நூல் போல காம்பும் நுனியில மண்ணிறக் காயும் வந்திருக்கு. வித்தி (புதுப் பாசி முளைக்கிற நுண்பொடி) எடுக்கலாம் எண்டு ஈரப்பஞ்சு போட்ட ஐஸ்கிறீம் டப்பாவில மூடி வைச்சன். 9 நாளாச்சு, அடியில விரிச்ச வெள்ளைத் தாளில ஒண்டும் இல்லை. காய் பழுதோ?

வேலியோரம்:
காயின்ர வாயில மூடி இருக்கோ, கழண்டிட்டுதோ?

மாரிப்பூ:
கழண்டிட்டுது அண்ணை. கைக்கண்ணாடியால பாத்தா வாயைச் சுத்திப் பல்லு வரிசை தெரியுது. எல்லாம் உள்ளுக்கு மடிஞ்சு அடைச்சுக்கொண்டு நிக்குது.

தாவரவியல் ரீச்சர்:
அப்ப காய் நல்லாத்தான் இருக்கு பிள்ளை, டப்பாவின்ர ஈரந்தான் தடுக்குது. அந்தப் பல்லுகள் ஈரம் உறிஞ்சினா மடியும், காஞ்சா விரியும். வித்தி காத்தில தூரம் போகவேணும், அதுக்கு ஈரமில்லாத காத்து வேணும். காய் வரமுதல் நிலைமை நேர்மாறு: ஆண் புணரி (ஆண் இனப்பெருக்கக் கலம்) வால் மாதிரியான ரெண்டு சவுக்கு முளையை அடிச்சுத் தண்ணியில நீந்தித்தான் பெண் புணரியிட்டப் போகும். அந்த மழையிலதான் உன்ர பாசி கருக்கட்டினது. பிறகு தாய்ச்செடியின்ர தலையிலயே காம்பும் காயும் வளந்து, அதின்ர சாப்பாட்டில தங்கி நிக்கும்.

டப்பாவைத் திறந்து, காய்களைத் தாளில வைச்சு நிழலில காயவிடு. பல்லு விரிஞ்ச பிறகு கிட்டப்போய் மெல்ல மூச்சு விட்டுப் பார். மூச்சின்ர ஈரத்துக்கே திரும்ப மடியும். எத்தினை தரம் பாத்தும் எனக்கு அலுக்கேல்லை.

வேலியோரம்:
ரீச்சர், நுவரெலியாவில இருந்து கொண்டுவந்த பூச்சாடியில தட்டையான பச்சைச் செடி படந்திருக்கு. சின்னக் கிண்ணங்களுக்குள்ள பச்சை மணிகள் கிடக்கு. அதுவும் வித்தியோ?

தாவரவியல் ரீச்சர்:
இல்லைத் தம்பி. அது மார்க்கான்சியா, ஈரற்றாவரம் எண்டு பாசிக்குச் சொந்தக்காரச் செடி. அந்த மணிகள் வித்தியில்லை, தாயின்ர துண்டுதான். மழைத்துளி விழுந்து தெறிச்சா விழுந்த இடத்தில அதே செடி முளைக்கும். அதின்ர வித்தி உண்டாகிறது பெண் காம்பின்ர நுனியில இருக்கிற குடைக்கு அடிப்பக்கத்தில. அங்க பல்லு இல்லை. காயுக்குள்ள இருக்கிற சுருள் இழைகள் காய்ஞ்சு முறுகித்தான் வித்தியைக் கிளப்பிவிடும்.

மாரிப்பூ:
ரீச்சர், பின்னேரமே கொட்டிட்டுது! மா மாதிரிப் பொடி. எதில தூவட்டும்?

தாவரவியல் ரீச்சர்:
உடைஞ்ச மண்சாடி ஓடு ஒண்டை அவிச்சு ஆறவிட்டு, அதில தூவு. மழைத்தண்ணி சேத்து வைச்சிருந்தா அதால நனை, எங்கட கிணத்துத் தண்ணியில சுண்ணாம்பு கூட. முதல்ல பச்சை நூல் மாதிரித்தான் படரும். அல்கா (நீர்ப்பாசி) எண்டு நினைச்சுக் கழுவிப்போடாதை, அதிலதான் மொட்டு வந்து பாசி எழும்பும்.