பின்சில்லின் ‘வட்டை ஒதுக்கம்’: ஒரு சொல் முன்மொழிவு

மதிப்புக்குரிய நண்பர்களுக்கு வணக்கம்.

மோட்டார் சைக்கிள் பாகங்களுக்கான நமது சொற்பட்டியலில், சில்லின் வெளிவளையத்தை ஒரு பக்கமாகத் தள்ளிக் கட்டும் அளவைக் குறிக்கும் ‘ஓஃப்செற்’ (offset) என்பதற்கு எதிரே இன்னும் தமிழ்ச் சொல் எழுதப்படவில்லை. இதுவரை ‘விலகல்’, ‘கோட்டம்’, ‘மையநீக்கம்’ ஆகிய மூன்றும் முன்வைக்கப்பட்டுள்ளன. அவற்றை ஏற்க எனக்கு ஏன் மனம் வரவில்லை என்பதையும், ‘வட்டை ஒதுக்கம்’ என்ற சொல்லை ஏன் முன்மொழிகிறேன் என்பதையும், என் தகப்பனாரின் பழைய புல்லட்டுக்குப் பின்சில்லு மாற்றியபோது பட்டுத் தெரிந்துகொண்டதை வைத்து எழுதுகிறேன்.

தகப்பனார் ஊர்காவற்றுறையில் ஆசிரியராக இருந்த காலத்தில், பண்ணைத் தாம்போதி வழியாக நாள்தோறும் ஓடிய றோயல் என்பீல்ட் அது. உப்புக் காற்றுப் பட்டுப் பட்டுப் பின்சில்லின் இரும்பு வட்டை (றிம்) உட்புறமாக அரித்து, கம்பி முனைகளை இறுக்கும் நிப்பிள்களின் துவாரங்களைச் சுற்றிச் செதில் செதிலாக உரியத் தொடங்கியிருந்தது. சில்லின் நடுவிலுள்ள குடம் நன்றாக இருந்தபடியால் அதை மட்டும் வைத்துக்கொண்டு, 19 அங்குலப் புதிய வட்டையும் 40 கம்பிகளும் வாங்கி, நகரிலுள்ள ஒரு கறாச்சில் கொடுத்து, “கம்பி கோத்துப் பெண்டெடுத்துத் தாருங்கோ” என்று சொன்னேன். பெண்டெடுத்தல் என்பது சில்லின் நெளிவை நீக்குவது. சொன்னதை அவர்கள் செவ்வையாகச் செய்தார்கள். சில்லைத் தாங்கியில் ஏற்றிச் சுற்றிவிட்டு, வட்டையின் விளிம்பில் வெண்கட்டியைப் பிடித்துப் பார்த்தபோது ஒரு முழுச் சுற்றுக்கும் ஒரே மெல்லிய கோடு விழுந்தது. ஓரிடத்திலும் தடிக்கவில்லை, ஓரிடத்திலும் அறவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து பூட்டினேன். குடத்துக்கும் பற்சில்லுக்கும் இடையில் வரும் றப்பர் துண்டுகளைச் சவர்க்கார நீர் தடவி அமர்த்தி, அச்சைச் செலுத்தி, சங்கிலியை இறுக்கும் நத்தைத் தகடுகள் இரண்டையும் ஒரே பல்லுக்குத் திருப்பி வைத்து, நட்டுகளை முறுக்கிய பின் குனிந்து பார்த்தால், ரயர், பின்சில்லைத் தாங்கும் வலப்புறக் கவையை ஒட்டினாற்போலவும் இடப்புறம் நன்றாக விலகியும் நின்றது. அளந்தபோது இரண்டு இடைவெளிகளுக்கும் 12 மில்லிமீற்றர் வித்தியாசம் இருந்தது. அப்படியென்றால் வட்டை மோட்டார் சைக்கிள் சட்டத்தின் நடுக்கோட்டிலிருந்து 6 மில்லிமீற்றர் வலப்பக்கமாக ஓடுகிறது. நத்தைத் தகடுகளில்தான் பிழை என்று எண்ணி, கழற்றுவதும் பூட்டுவதுமாக இரண்டு மாலைகளைச் செலவழித்தேன். உண்மையில் பிழை சில்லுக்குள்ளேயே இருந்தது.

இந்த வகை மோட்டார் சைக்கிளில் சங்கிலியும் பின் பிறேக்கின் உருளையும் இடப்புறத்தில் சேர்ந்தே அமைந்திருக்கின்றன. அவை இடத்தைப் பிடித்துக்கொள்வதால், கம்பிகள் கொளுவும் இரண்டு விளிம்புகளும் குடத்தில் வலப்புறமாகத் தள்ளி வருகின்றன. விளிம்புகளின் நடு ஓரிடம், சட்டத்தின் நடு வேறோரிடம். முன்சில்லின் வழியே பின்சில்லும் ஓடவேண்டுமானால், வட்டை சட்டத்தின் நடுவில் நிற்கவேண்டும். அதற்காக அதை விளிம்புகளின் நடுவிலிருந்து இடப்புறமாகத் தள்ளிக் கட்டவேண்டும். கறாச்சில் அதை விளிம்புகளுக்குச் சரி நடுவே கட்டிவிட்டார்கள். நான் ‘பெண்டெடுங்கோ’ என்று மட்டுமே கேட்டிருந்தேன், அவர்கள் பெண்டெடுத்தார்கள். தள்ளிக் கட்டும்படி கேட்பதற்கு என்னிடம் ஒரு சொல் இருக்கவில்லை.

ஏன் இருக்கவில்லை என்று யோசித்தபோது எனக்குத் தோன்றிய காரணம் இதுதான். நமது தொழிலாளர்களின் சில்லு அறிவு பெரும்பாலும் சைக்கிள் கடையில் வளர்ந்தது. யாழ்ப்பாணத்தில் இரண்டு மூன்று தலைமுறைகளாக ஓடிய றலி, ஹம்பர் போன்ற ஒற்றைப் பற்சில்லுச் சைக்கிள்களில் வட்டை ஏறக்குறைய விளிம்புகளின் நடுவிலேயே நிற்கும். அங்கே நெளிவு என்ற குற்றம் மட்டுமே உண்டு; அதற்குப் பெண்டெடுத்தல் என்ற சொல்லும் உண்டு. வேண்டுமென்றே தள்ளிக் கட்டவேண்டிய தேவை அங்கு அரிதாகவே எழுந்ததால், அதற்குப் பெயரும் பிறக்கவில்லை. கியர் சைக்கிளின் பின்சில்லு தள்ளிக் கட்டப்படுவதுதான். ஆனால் அது இங்கே பரவியது பிற்காலத்தில்.

இனி முன்வைக்கப்பட்ட சொற்களுக்கு வருகிறேன். கோயம்புத்தூர் நண்பர் ‘கோட்டம்’ என்றார். அவருடைய ஊரில் சைக்கிள் கடைக்காரர்கள் ‘கோட்டம் எடுத்தல்’ என்றே சொல்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் மகிழ்ச்சி தந்த செய்தி. நமது ‘பெண்டெடுத்தல்’ என்பதற்குப் பதிலாக அதையே பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் நினைக்கிறேன். ஆனால் கோட்டம் என்பது எடுக்கவேண்டிய குற்றம். இங்கே நாம் பெயர் தேடுவது வைக்கவேண்டிய அளவுக்கு. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், எனக்கு நேர்ந்ததுதான் அடுத்தவருக்கும் நேரும்.

‘விலகல்’ என்பதிலும் இதே சிக்கல் உண்டு. நமது பாடநூல்களில் ‘நியம விலகல்’ என்று படித்த பிள்ளைக்கு, இருக்கவேண்டிய இடத்திலிருந்து தவறிப் போனது என்ற எண்ணமே அச்சொல்லைக் கேட்டதும் எழும். கனடாவிலிருந்து எழுதும் அண்ணர் சொன்ன ‘மையநீக்கம்’ இலக்கணப்படி பிழையற்றது. ஆயினும் ‘மையநீக்க விசை’ பௌதிகத்தில் வேரூன்றிவிட்டது. சுழலும் பொருளைப் பற்றிப் பேசும் இடத்தில், சுழற்சியோடு தொடர்புடைய இன்னொரு சொல்லை வேறு பொருளில் ஆளுவது மயக்கத்தையே உண்டாக்கும் என்று அஞ்சுகிறேன்.

‘ஒதுக்கம்’ என்ற சொல் என்னுடைய ஆக்கம் அன்று. மூன்றாம் நாள் சில்லைத் திரும்பக் கறாச்சுக்குக் கொண்டுபோய், குடத்தைத் தரையில் படுக்கவைத்து, பிறேக் உருளையின் விளிம்புக்குக் குறுக்கே ஒரு நேர்ச்சட்டத்தை வைத்துக் காட்டி, “வட்டையை இந்தப் பக்கமாக ஒதுக்கி வைக்கவேணும், ஐயா” என்றேன். கறாச்சுக்காரர் நேர்ச்சட்டத்துக்கும் வட்டைக்கும் இடையில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, “எவ்வளவு ஒதுக்கம் வேணும்?” என்று கேட்டார். நான் வினையாகச் சொன்னதை அவர் அளவின் பெயராக மாற்றி எனக்கே திருப்பித் தந்தார். “6 மில்லிமீற்றர்” என்றேன். இடப்புற விளிம்பிலிருந்து வரும் 20 கம்பிகளையும் அரைச் சுற்று இறுக்குவதும், வலப்புறத்து 20 கம்பிகளையும் அரைச் சுற்றுத் தளர்த்துவதுமாக, ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒருமுறை நேர்ச்சட்டத்தை வைத்து அளந்து அளந்து, வட்டையை உரிய இடத்துக்குக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு மறுபடியும் நெளிவு பார்த்தார். வேலை செய்துகொண்டிருக்கும்போதே, இரைச்சலுக்கு நடுவில், விளக்கம் கேளாமல் புரிந்துகொள்ளப்பட்ட சொல் என்பதால் இதன்மீது எனக்கு நம்பிக்கை மிகுதி.

சொல்லுக்கு ஓர் இடையூறு உண்டு. நமது கணக்கீட்டுப் பாடநூல்களில் இலாபத்திலிருந்து ஒதுக்கிவைக்கும் தொகைக்குப் ‘பொது ஒதுக்கம்’ என்று வருகிறது. அதனால்தான் ‘ஒதுக்கம்’ என்று தனியே பதியாமல் ‘வட்டை ஒதுக்கம்’ என்று கூட்டுச்சொல்லாகப் பதியவேண்டும் என்கிறேன். இதிலிருந்து ‘இடவொதுக்கம்’, ‘வலவொதுக்கம்’ என்று பக்கத்தையும், ‘ஒதுக்கம் வைத்தல்’ என்று வினையையும், ‘ஒதுக்க அளவு’ என்று எண்ணையும் தடங்கலின்றிப் பெறலாம். வட்டை என்பது மாட்டுவண்டில் சில்லின் வெளிவளையத்துக்கு உரிய பழஞ்சொல். குடம், ஆரக்கால் ஆகியவற்றோடு சேர்ந்து வருவது. ‘றிம்’ என்று எழுத விரும்புவோர் அப்படியே எழுதட்டும். ‘றிம் ஒதுக்கம்’ என்றாலும் பொருள் கெடாது.

இரண்டு சில்லுகளும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பார்ப்பது இதற்கு அடுத்த வேலை. அதற்குக் கொத்தனார்களிடமிருந்து ‘நூல் பிடித்தல்’ என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். செய்வதும் நூலைப் பிடித்துத்தான். முன் ரயர் ஒடுக்கமாக இருந்தால், நூலுக்கும் அதற்கும் இடையில் இரு பக்கமும் சம இடைவெளி இருக்கவேண்டும் என்ற குறிப்பையும் அப்பதிவில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பட்டியலுக்கான என் வரைவு வருமாறு:

வட்டை ஒதுக்கம்: சில்லொன்றின் வட்டையினது நடுத்தளம், குடத்தின் கம்பி விளிம்புகள் இரண்டுக்கும் இடைப்பட்ட நடுத்தளத்திலிருந்து, அச்சின் வழியே ஒரு பக்கமாகத் தள்ளி அமைக்கப்படும் தூரம். பழைய சில்லின் கம்பிகளை அவிழ்க்குமுன், குடத்தின் விளிம்பொன்றில் நேர்ச்சட்டம் வைத்து, அதிலிருந்து வட்டையின் ஓரம் வரை அளந்து எழுதிவைத்துக்கொள்ளவேண்டும்.

‘நடுத்தளம்’ என்பது படிப்பவருக்குக் கடினமாக இருக்குமென்றால் ‘நடுக்கோடு’ என்று மாற்றலாமா என்பதைப் பற்றி உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
கொக்குவிலிலிருந்து