ஆங்கிலத்தின் வட்டார வழக்குகளைக் காப்பாற்றத்தான் வேண்டுமா?

மருதன்:
என் மகன் பிறந்து வளர்ந்தது வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில். குளியலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை அந்த ஊர்க்காரர்கள் போலக் குறிலாக, ‘பத்’ என்று சொல்லி வளர்ந்தவன். போன மாதம் வேலை நேர்காணலுக்கு முந்தைய இரவு, கண்ணாடி முன் நின்று அதையே லண்டன் பக்கத்தார் போல ‘பாத்’ என்று நெடிலாக்கிப் பழகிக்கொண்டிருந்தான். தன் உச்சரிப்புக்காக ஒரு பிள்ளை கூச வேண்டுமா? இங்கிலாந்தின் வட்டார வழக்குகளைப் பள்ளியும் ஊடகமும் காக்க வேண்டும் என்கிறேன். உங்கள் கருத்து?

கதிரவன்:
எனக்கு உடன்பாடில்லை. எந்த வழக்கைக் காப்பது? 1950 முதல் 1961 வரை லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹரால்டு ஆர்ட்டன் குழு 313 ஊர்களில் பேச்சைப் பதிவு செய்தது. பெரும்பாலும் கிராமத்து முதியவர்களையே தேடிப் பிடித்தார்கள். இளையவர்களின் பேச்சு அன்றைக்கே மாறிவிட்டிருந்தது என்பதுதானே அதன் பொருள்? லண்டன் பக்கத்து உச்சரிப்புகள் சில இன்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ இளைஞர்களிடமும் கேட்கின்றன. அவர்களை யாரும் வற்புறுத்தவில்லை.

செவிலி:
யார்க்‌ஷயர் மருத்துவமனை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலம். எண்பது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர் ‘ஸ்டார்வ்ட்’ என்றார். பசிக்கிறது போலும் என்று ஓடிப்போய் ரொட்டியும் சூப்பும் கொண்டுவந்தேன். அவர் தட்டைத் தொடவில்லை. கையைப் பிடித்துப் பார்த்தால் விரல்கள் பனிக்கட்டியாக இருந்தன. அந்தப் பக்கத்துப் பழையவர்கள் பேச்சில் அந்தச் சொல்லுக்குக் குளிரில் விறைத்துப்போவது என்று பொருள். இரண்டாவது போர்வையைப் போர்த்திய பிறகுதான் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

கதிரவன்:
சகோதரி, இதைத்தான் நானும் சொல்கிறேன். குளிருக்குப் பதில் நெஞ்சுவலியாக இருந்திருந்தால்? எல்லோருக்கும் புரியும் ஒரு பொது ஆங்கிலம் உயிர் காக்கும்.

செவிலி:
தவறு என்னுடையது. எண்பது ஆண்டுகள் பேசிய மொழியைக் காய்ச்சலில் கிடக்கும்போது மாற்றிப் பேசு என்று அவரிடம் கேட்க முடியுமா? அந்த ஊரில் சம்பளம் வாங்குகிற நான்தான் கற்றிருக்க வேண்டும். ஒருவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

மருதன்:
கதிரவன், ‘வற்புறுத்தவில்லை’ என்கிறீர்கள். பிபிசி 1926இல் உச்சரிப்பை வரையறுக்க ஒரு குழுவே அமைத்தது. 1941இல் ஹாலிஃபாக்ஸ்காரரான வில்ஃபிரெட் பிக்கிள்ஸ் தன் வடக்கத்திய உச்சரிப்பில் தேசியச் செய்தி வாசித்ததும் எவ்வளவு எதிர்ப்பு! பிபிசி விரும்பிய அந்த ‘உயர்ந்த’ உச்சரிப்பைப் பேசியவர்கள் நாட்டில் சுமார் 3 சதவீதம்தான் என்று 1970களில் மொழியியலாளர் பீட்டர் டிரட்கில் மதிப்பிட்டார். நூற்றில் மற்ற 97 பேரும் தங்கள் வாயைத் தவறு என்று நினைக்கும்படி செய்ததற்கு இயல்பான மாற்றம் என்றா பெயர்? பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் ஒன்பது அடையாளங்களுக்குப் பாதுகாப்பு தருகிறது. உச்சரிப்பு அதில் இல்லை. பேச்சைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கினால் முறையிட அந்தச் சட்டத்தில் நேரடியாக வழியில்லை.

கதிரவன்:
ஒதுக்குவது அநியாயம்தான், அதில் மறுப்பே இல்லை. ஆனால் சட்டம் போட்டு வழக்கைப் பிழைக்கவைக்க முடியாது. ஸ்காட்லாந்தின் குரோமார்ட்டி மீனவர் வழக்கைப் பேசிய கடைசி மனிதர் 2012இல் இறந்தார். மீன்பிடித் தொழில் போனது, வலைக்கும் தூண்டிலுக்கும் இருந்த சொற்கள் பின்னாலேயே போயின. வேலையில்லாத சொல்லை யார் பேசுவார்கள்?

மருதன்:
தொழில் போனால் சொல் போகும், சரி. ஒலி அப்படிப் போக வேண்டியதில்லை. அமெரிக்காவின் மார்த்தாஸ் வினியார்டு தீவைப் பற்றி மொழியியலாளர் வில்லியம் லபோவ் 1963இல் எழுதியதைப் பாருங்கள். அங்கேயும் மீன்பிடித் தொழில் நலிந்துகொண்டிருந்தது. கோடைக்கு வரும் பணக்காரர்கள் கரையோர நிலங்களை வாங்கிக்கொண்டிருந்தார்கள். ‘இது எங்கள் தீவு’ என்று நினைத்தவர்களிடம் பழைய உயிரொலி தேயவில்லை, அழுத்தமாகியது. வெளியே படித்துவிட்டு ஊர் திரும்பிய இளைஞர்களிடமும் அது கேட்டது. வெளியேறிவிட நினைத்தவர்களிடம்தான் மங்கியது. ஒரு பிள்ளைக்குத் தன் ஊர்ப் பேச்சில் மதிப்பு இருந்தால் அவனே வைத்துக்கொள்வான். அந்த மதிப்பைக் கெடுக்காதீர்கள் என்றுதான் பள்ளியிடம் கேட்கிறேன்.

கதிரவன்:
லபோவ் விஷயத்தை ஏற்கிறேன். வகுப்பில் பேசும்போது உச்சரிப்பைத் திருத்தக் கூடாது, சரி. எழுத்தில் பொது ஆங்கிலம் கட்டாயம் வேண்டும், அதில் நான் இறங்கிவரமாட்டேன். ஆமாம், உங்கள் மகன் நேர்காணலில் எப்படிப் பேசினான்?

மருதன்:
நெடிலில்தான். வேலை கிடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து சொன்னபோதும் நெடில் போகவில்லை. அதைக் கேட்டுக்கொண்டு என்னால் முழுமனதாக வாழ்த்த முடியவில்லை.

செவிலி:
எங்கள் வார்டில் புதிதாகச் சேருபவர்களுக்காக அந்தப் பக்கத்துச் சொற்களை ஒரு தாளில் எழுதி வருகிறேன். முதல் சொல் ‘ஸ்டார்வ்ட்’. நேற்று ‘வைல்’ சேர்த்தேன். யார்க்‌ஷயரில் ‘ஒன்பது வைல் ஐந்து’ என்றால் ஒன்பதிலிருந்து ஐந்து மணி வரை. மருதன், உங்கள் மகனுக்கு இன்னும் நான்கைந்து சொற்கள் தெரிந்திருக்குமே, கேட்டு எழுதுங்கள்.