செடியில் ஜவ்வரிசி: எதிர்பாராமல் வந்த ஆக்சலாட்டில் முட்டைகள்

(ஆக்சலாட்டில் என்பது தண்ணீரிலேயே வாழும், பல்லி உருவம் கொண்ட மெக்சிகோ சாலமண்டர். தொட்டியில் இதை வளர்க்கும் பெங்களூர்க்காரர்கள் பேசியது இது; பெயருக்குப் பதில் அவரவர் பகுதி.)

அல்சூர்:
டிசம்பர் வந்தால் பெங்களூரில் இந்தப் பேச்சும் வந்துவிடும். "செடியெல்லாம் ஜவ்வரிசி ஒட்டின மாதிரி இருக்கு, என்ன பண்ண?" ராத்திரிக் குளிரில் தொட்டித் தண்ணீர் சட்டென்று இறங்குவதுதான் காரணம். ஏப்ரல், மே வெயிலுக்கு நடுவில் மழை கொட்டும் வாரத்திலும் இதே கதை. தொட்டியில் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டுக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினாலும் போதும், ஆண் இணைசேரக் கிளம்பிவிடும்.

முட்டைக்கு முன்பே அடையாளம் தெரியும். தரையிலும் கல்லிலும் கண்ணாடிபோன்ற சின்னக் கூம்புகள், நுனியில் வெள்ளைப் பொட்டு. அதுதான் விந்துக்கூம்பு. பெண் அதன்மேல் நகர்ந்து வாலடித் துளையால் நுனியை எடுத்துக்கொள்ளும். சில மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் முட்டையிடத் தொடங்கும். கூம்பைப் பார்த்த பிறகு ஆணைப் பிரித்தால் முட்டை நிற்காது. ஆனாலும் பிரிக்க வேண்டும். இல்லையென்றால் இட்டு ஓய்ந்த பெண்ணை அது மறுபடி முட்டி முட்டித் துரத்தும்.

எண்ணிக்கை 100 முதல் 1000 வரை போகலாம். அத்தனையையும் வளர்க்க நினைப்பவர்கள் ஒன்று கணக்குத் தெரியாதவர்கள், இல்லை குழந்தைகள் உள்ள வீட்டுக்காரர்கள்.

கம்மனஹள்ளி:
முடிவெடுக்கக் கிடைப்பது முதல் இரண்டு, மூன்று நாள்தான். தேதியைவிட வடிவத்தைப் பாருங்கள். உள்ளே இருக்கும் கரு மிளகு மாதிரி உருண்டையாக இருக்கும்வரை ஃப்ரீசரில் வைக்கலாம். பயறு மாதிரி நீள ஆரம்பித்தால் நரம்பு மண்டலம் உருவாகிறது என்று அர்த்தம், அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். தண்ணீர் 20 டிகிரிக்கு மேல் இருந்தால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

செடியில் இருந்தால் இலையோடு வெட்டுங்கள். கண்ணாடியில் ஒட்டியிருந்தால் காலாவதியான ஏடிஎம் கார்டின் ஓரம் போதும், மேலே இருக்கும் ஜெல்லி கெட்டி, லேசில் உடையாது. ஜிப் கவரில் கொஞ்சம் தொட்டித் தண்ணீரோடு தட்டையாகப் பரப்பி 48 மணி நேரம் ஃப்ரீசரில். ஒரு ராத்திரி போதாது, நடுவில் இருக்கும் முட்டை உறையாமல் தப்பிவிடும். பிறகு கவரைக் கழற்றிப் பச்சை டப்பாவில், ஈரக்கழிவோடு. உறையவைக்காமல் டாய்லெட்டில் கொட்டவே கூடாது.

பொரித்த குஞ்சுக்கு ஃப்ரீசர் வழி கிடையாது. அதற்கு நேரம் பிந்திவிட்டால் எக்ஸாடிக் பிராணிகள் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போவதுதான் சரி.

ஜெயநகர்:
ஒரு எச்சரிக்கை. "வெள்ளையாக இருக்கிறது, கரு இல்லை" என்று சும்மா இருந்துவிடாதீர்கள். அல்பினோ தாய் இடும் முட்டை முதலிலிருந்தே வெள்ளைதான், அதுவும் பொரிக்கும். உடம்பு வெளுப்பாகவும் கண் கறுப்பாகவும் இருக்கும் லூசிஸ்டிக் தாயின் முட்டையோ கறுப்பாகத்தான் இருக்கும். உண்மையில் வீணான முட்டை இரண்டொரு நாளில் மங்கி, பஞ்சு மாதிரிப் பூசணம் பிடிக்கும். அதை உடனே எடுங்கள், பக்கத்து முட்டைக்கும் பரவும்.

(இந்த அல்பினோ மரபணு ஆக்சலாட்டிலின் சொந்தச் சொத்தே இல்லை. 1960களில் டைகர் சாலமண்டரோடு கலந்து உள்ளே கொண்டுவந்தது.)

எச்எஸ்ஆர் லேஅவுட்:
வளர்த்தே தீருவேன் என்பவர்கள் 20 முட்டையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மீதியை மேலே சொன்ன மாதிரி ஃப்ரீசருக்கு அனுப்புங்கள். 20 என்பதே தினமும் ஒரு மணி நேர வேலை.

18–20 டிகிரியில் பொரிக்க 2 முதல் 3 வாரம் ஆகும். அந்த இடைவெளியில் ஆர்ட்டீமியா (குஞ்சுக்கு உயிர்த்தீனியாகும் நுண்ணிய உப்புநீர் இறால்) பொரிக்கப் பழகிக்கொள்ளுங்கள், குஞ்சு வந்தபிறகு பழகினால் பட்டினி போட்டுவிடுவீர்கள். 1 லிட்டர் பெட் பாட்டிலின் அடியை வெட்டித் தலைகீழாக நிறுத்துங்கள். 25 கிராம் கல் உப்பு (அயோடின் சேர்க்காதது), அரை டீஸ்பூன் ஆர்ட்டீமியா முட்டை, வாய்ப்பக்கத்தில் ஏர் பம்ப் குழாய். 26–28 டிகிரி இருந்தால் 24 மணி நேரத்தில் பொரிக்கும். நம் ஊர் டிசம்பர் அறையில் அவ்வளவு சூடு வராது, பக்கத்தில் ஒரு குண்டு பல்பு எரியவிடுங்கள். இரண்டு பாட்டில், ஒரு நாள் இடைவெளியில். ஒன்று சொதப்பினால் இன்னொன்று கைகொடுக்கும்.

பம்பை நிறுத்தி அடியில் டார்ச் அடித்தால் ஆரஞ்சு நிறத்தில் குஞ்சுகள் கீழே கூடும், ஓடு மேலே மிதக்கும். ஓடு கலந்தால் ஆக்சலாட்டில் குஞ்சின் வயிறு அடைத்துக்கொள்ளும். டீ வடிகட்டியில் ஆர்ட்டீமியாக் குஞ்சு நிற்காது, வேட்டித் துணியில் வடித்து நல்ல தண்ணீரில் அலசி, ட்ராப்பரில் கொடுங்கள்.

பொரித்த முதல் 2, 3 நாள் வயிற்றில் மஞ்சள் கரு இருக்கும், தீனி வேண்டாம். அதன்பிறகு காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை. அசையாத எதையும் இந்த வயதில் தின்னாது, ஆகவே பெல்லட்டைத் தூளாக்கிப் போடும் யோசனை தண்ணீரைக் கெடுப்பதோடு முடியும். ஆர்ட்டீமியாவும் நல்ல தண்ணீரில் சில மணி நேரத்தில் செத்து நாறும். மிச்சத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுத் தினமும் முழுத் தண்ணீரையும் மாற்றுங்கள், அதே வெப்பநிலையில்.

விவேக்நகர்:
தண்ணீர் பற்றி எச்எஸ்ஆர் அண்ணா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காவிரித் தண்ணீரில் குளோரின் இருக்கும், ஹைப்போ (குளோரினை நீக்கும் சோடியம் தயோசல்பேட்) போடாமல் குஞ்சுக்கு ஊற்றாதீர்கள். போர்வெல் உப்புத் தண்ணீர் என்று பயப்பட வேண்டாம், ஆக்சலாட்டிலுக்குக் கொஞ்சம் கடினத் தண்ணீர் பிடிக்கும். ஆர்ஓ தண்ணீரை மட்டும் ஊற்றுவதுதான் தப்பு.

முன்னங்கால் முளைக்கும்போதுதான் உண்மையான தலைவலி. சுமார் 2 செ.மீ. நீளம் வந்ததும் ஒன்றின் காலை ஒன்று கடிக்கும். கால் மறுபடி முளைக்கும், ஆனால் செவுளைக் கடித்து வைத்தால் பிழைப்பது கஷ்டம். 1 லிட்டருக்குப் பத்துக்கு மேல் வேண்டாம். சீக்கிரம் வளர்வதைத் தனி ஐஸ்கிரீம் டப்பாவுக்கு மாற்றுங்கள். 6, 7 செ.மீ. தாண்டினால் சண்டை குறையும்.

அல்சூர்:
அந்த 20-ம் பிறகு எங்கே போகும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. அண்ணன் தங்கை ஜோடியின் குஞ்சு என்றால் யாருக்கும் கொடுக்காமல் இருப்பதே மேல். உலகம் முழுக்கத் தொட்டிகளில் இருப்பவற்றில் பெரும்பங்கு, 1864-ல் மெக்சிகோவிலிருந்து பாரிஸுக்குப் போன 34 விலங்குகளின் வழிதான். ஏற்கெனவே நெருங்கிய சொந்தம், இன்னும் நெருக்க வேண்டாம்.

ஸ்ரீராமபுரம்:
ஏரியில் விடுவது பற்றி யாரும் வாய் திறக்காதீர்கள். நம் ஏரிகளில் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் சக்கர் மீனும் செய்வதே போதும். ஏப்ரல் தண்ணீரில் ஆக்சலாட்டில் செத்துவிடும், ஆனால் அதன் தோலில் இருக்கக்கூடிய பூஞ்சை நோய் நம் தவளைகளுக்குப் போகும்.

சட்டமும் உண்டு. ஆக்சலாட்டில் சைட்டிஸ் (அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் உள்ளது. 2022 திருத்தத்துக்குப் பிறகு வனவிலங்குச் சட்டத்தின் நான்காம் அட்டவணை சைட்டிஸ் பட்டியல் உயிரினங்களுக்குத்தான். 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் வைத்திருப்பதை மட்டுமல்ல, பிறப்பையும் கைமாற்றுவதையும் பதிய வேண்டும். குஞ்சு பொரிக்கவிட்டவர்கள் இதையும் கணக்கில் வையுங்கள்.

ஜெயநகர்:
அடுத்த தடவை நடக்காமல் இருக்க: "ரெண்டும் பெண்தான்" என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள், குட்டியில் யாராலும் சொல்ல முடியாது. ஒரு வயது வாக்கில் வாலடியைக் கண்ணாடி வழியாகக் கீழிருந்து பாருங்கள். ஆணுக்குக் கொண்டைக்கடலை இரண்டு ஒட்டின மாதிரிப் புடைத்திருக்கும். சிலதுக்கு ஒன்றரை வயதுவரை தெரியாது, ஆனால் 6 மாதத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடலாம். சந்தேகம் இருக்கும்வரை தனித்தனித் தொட்டி. முட்டையிட்ட பெண்ணுக்கு ஆறு மாதமாவது ஓய்வும், நிறைய மண்புழுவும்.

கம்மனஹள்ளி:
முட்டையெல்லாம் எடுத்தாச்சு என்று நினைத்தாலும் ஸ்பாஞ்ச் ஃபில்டரின் அடியையும் ஏர் குழாயின் பின்பக்கத்தையும் தினமும் பாருங்கள். மூன்று வாரம் பாருங்கள். ஆணைப் பிரித்த பிறகும் பெண் உள்ளே சேமித்த விந்தால் இன்னொரு முறை இடலாம், ஆகவே அதன் புதுத் தொட்டியையும் விடாதீர்கள்.