உலகம் அழிந்த பிறகு முடிவெடுப்பது யார்?

நிலாமதி:
நேற்று ராத்திரி '28 டேஸ் லேட்டர்' (2002) மறுபடி பார்த்தேன், மனசு ஆறவில்லை. ஆட்களுக்கு வெறி பிடிக்க வைக்கும் கிருமி பரவி இங்கிலாந்தே அழிந்துபோன கதை, முதல் பாதி முழுக்க உயிர் தப்பிய செலினாதான். கூட வந்த மார்க்கின் கையில் காயத்தைப் பார்த்ததும், கிருமி தொற்றிவிட்டது என்று, வேண்டாம் என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் வெட்டிப் போட்டுவிடுகிறாள். உனக்கு நேர்ந்தாலும் இதைத்தான் செய்வேன் என்று நாயகன் ஜிம்மிடம் முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். நயோமி ஹாரிஸ் என்ற கறுப்பின நடிகைக்கு இப்படி ஒரு பாத்திரம் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டேன். அப்புறம் ராணுவத்தினர் தங்கியிருக்கும் மாளிகைக்குள் போனதும் அதே செலினாவுக்குச் சிவப்பு கவுனை மாட்டி நிற்க வைக்கிறார்கள், காப்பாற்ற ஜிம் வரவேண்டியிருக்கிறது. சிப்பாய்களுக்குப் பெண்களைத் தருவதாக மேஜர் வாக்குக் கொடுத்திருக்கும் கொடுமையைக் காட்டியது தப்பில்லை. அதுவரை கதையை நடத்தி வந்தவள் கையிலிருந்து கதையைப் பிடுங்கியதுதான் வலிக்கிறது. பெண்ணோ கறுப்பினத்தவரோ கடைசிவரை தாங்களே முடிவெடுக்கிற உலக அழிவுப் படம் இருந்தால் சொல்லுங்கள்.

பழைய ரீல்:
'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு' (2015) பார்த்திருப்பீர்கள். அதில் அந்த இருட்டு, சேறு, துப்பாக்கிக் காட்சி. மேக்ஸ் இரண்டு தோட்டாவைக் குறி தவறவிட்டுவிடுவான், மிச்சம் ஒன்றுதான். ஒரு வார்த்தை பேசாமல் துப்பாக்கியை நாயகி ஃப்யூரியோசாவிடம் கொடுப்பான், அவன் தோளையே தாங்கலாக வைத்து, மூச்சு விடாதே என்று சொல்லிவிட்டு அவள் சுடுவாள். தன்னைவிட அவளுக்குக் குறி நன்றாக வரும் என்று அவனுக்குத் தெரியும், அவ்வளவுதான், அதற்கு வசனம் தேவைப்படவில்லை. படத்தை வெட்டித் தொகுத்த மார்கரெட் சிக்ஸலும் பெண்தான், படம் வாங்கிய 6 ஆஸ்கரில் ஒன்று அவருடையது. எனக்கு ஒரு குறை உண்டு. ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் நடப்பதாகச் சொல்லும் கதையில் அந்த மண்ணின் பூர்வகுடிகளைத் தேடவேண்டியிருக்கிறது.

சேலம் செல்வம்:
கறுப்பின நாயகன் என்றால் 1968-க்குப் போகவேண்டும். 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்தில் டுவேன் ஜோன்ஸ் நடித்த பென். கறுப்பினத்தவர் என்று எழுதப்பட்ட பாத்திரமே அல்ல, நடிப்புத் தேர்வில் அவர்தான் சிறப்பாகச் செய்தார் என்று இயக்குநர் ரொமீரோ சொல்லியிருக்கிறார். ஜன்னலுக்குப் பலகை அடிப்பதிலிருந்து எல்லாம் பென்தான். விடியும்வரை உயிரோடு இருந்தவனை, மீட்க வந்த வெள்ளையர் கூட்டம் எழுந்து நடமாடும் பிணம் என்று நினைத்து நெற்றியில் சுட்டுக் கொக்கியால் இழுத்துப் போகிறது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டதும் அதே வருடம் ஏப்ரலில், யோசித்துப் பாருங்கள். ஆனால் அதே படத்தில் பார்பரா பிரமை பிடித்து சோபாவில் உட்கார்ந்திருப்பாள், 1990-ல் மறுபடி எடுத்தபோதுதான் அவள் கையில் துப்பாக்கி வந்தது.

கயல்:
'சில்ட்ரன் ஆஃப் மென்' என்று யாராவது சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், எனக்கு அது ஒப்பவில்லை. 18 வருடமாகக் குழந்தையே பிறக்காத உலகில் கர்ப்பமாக இருப்பது கீ என்ற கறுப்பின அகதிப் பெண், சரி, ஆனால் எங்கே ஓடுவது, யாரை நம்புவது என்பதையெல்லாம் பெரும்பாலும் வெள்ளைக்கார நாயகன் தியோதான் பார்த்துக்கொள்கிறான்.

நிலாமதி கேட்டதற்கு என் பதில் 'தி கேர்ல் வித் ஆல் தி கிஃப்ட்ஸ்' (2016). முடிவைச் சொல்லப்போகிறேன், பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு பூஞ்சை தொற்றி மனிதர்கள் மனிதரையே தின்னும் கதை, மெலனி அந்தத் தொற்றோடு பிறந்தும் யோசிக்கத் தெரிந்த சிறுமி. படத்துக்கு மூலமான நாவலில் மெலனி வெளுத்த சிறுமி, அவளுடைய டீச்சர் கறுப்பினத்தவர். படத்தில் அதை மாற்றிப் போட்டு, சென்னியா நனுவா என்ற கறுப்பினச் சிறுமியை மெலனியாக நடிக்க வைத்தார்கள். தடுப்பூசிக்காக அவளை அறுக்கத் துடிக்கும் விஞ்ஞானியிடம், உங்களுக்காக நாங்கள் ஏன் சாகவேண்டும் என்று அவள் கேட்கிறாள். கேட்டதோடு விடவில்லை, வெளியே போய் அந்தப் பூஞ்சைக் காய்களுக்குத் தானே தீ வைக்கிறாள், அவை வெடித்துத் தொற்று காற்றெங்கும் பரவுகிறது. கடைசியில் டீச்சர் கண்ணாடிக்கு உள்ளே அடைபட்டிருக்கிறார், பாடம் கேட்கப் பிள்ளைகள் வெளியே தரையில், அவர்களை அதட்டி உட்கார வைப்பது மெலனி.